தரையோடு தரையாக: ஊசுட்டேரி முதல் வீராணம் வரை ஐந்து நாள்

முதல் நாள்: ஊசுட்டேரி

பிப்ரவரி கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகள் மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கின்றன. வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் இன்னும் கிளம்பவில்லை. விலங்கின் கண் மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்திப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இதைவிடத் தோதான காலம் இல்லை. ஐந்து நாள், ஐந்து இடம். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுகிறோம்.

ஊசுட்டேரி புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறுபகுதி விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. புதுச்சேரிப் பக்கம் 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விடியும்போது கரையில் நின்றால் நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாகக் கண்ணில் படும். கறுத்த உடல், வெள்ளை அலகு, நெற்றியில் வெள்ளை நாமம். தாழ்கோணத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள இந்தப் பறவை ஒன்று போதும்.

நீரில் மிதக்கும் நாமக்கோழியின் கண், தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். அது 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, நீங்கள் நின்றுகொண்டு 1.5 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸிலிருந்து பறவையின் கண் வழியாக ஒரு நூலை நீட்டினால், அது பறவைக்குப் பின்னால் 1.1 மீட்டரிலேயே தண்ணீரைத் தொட்டுவிடும். படத்தில் பறவையின் தலைக்குப் பின்னால் தெரியப்போவது அந்தத் தண்ணீர்தான்: பாதி தெளிந்தும் பாதி கலங்கியும் நிற்கும் சிற்றலை, மிதக்கும் பாசி, இறகுத் துணுக்கு. அதே லென்ஸை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். நூல் இப்போது பறவைக்குப் பின்னால் 30 மீட்டர் ஓடிப்போய்த்தான் தண்ணீரைத் தொடும். இன்னும் 5 செ.மீ. இறக்கினால் தொடவே தொடாது, எதிர்க்கரை மரங்கள் வரை போய்விடும். 1.5 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு இறங்குவதால் கிடைப்பதைவிட, கடைசி 20 செ.மீ. தரும் மாற்றம் பல மடங்கு பெரிது. முட்டி போட்டு எடுப்பதும் படுத்து எடுப்பதும் ஒன்றல்ல என்று சொல்வது இதனால்தான்.

500 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 5.6-இல் வைத்து (எண் குறைந்தால் துளை பெரிது) 10 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. மட்டுமே. பின்னணி 1 மீட்டரில் இருந்தால் அழுக்காகத் தெரியும். 30 மீட்டருக்குத் தள்ளிவிட்டால் ஒரே வண்ணமாகக் கரைந்துவிடும். எஃப் 2.8 லென்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன், இருக்கிற லென்ஸோடு தரையில் படுத்துப் பாருங்கள். பின்னணியைக் கரைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

எல்லா இடத்திலும் படுக்க முடியாது. ஏரிக்கரை உயரமானது, சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் நீருக்குள் இறங்கவும் கூடாது. இங்கே கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, மதகுப் படிகளும் பழைய படித்துறைகளும். கடைசிப் படியில் உட்கார்ந்து கேமராவை முழங்காலுக்கும் கீழே பிடித்தால் லென்ஸ் தண்ணீரிலிருந்து 40 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். பறவை 15 மீட்டரில் இருந்தால் பார்வைச் சாய்வு வெறும் 1 டிகிரிதான். இரண்டாவது, தூரம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து 10 மீட்டரில் இருக்கும் பறவையைப் பார்த்தால் சாய்வு ஏறக்குறைய 8 டிகிரி. அதே உயரத்திலிருந்து 40 மீட்டரில் இருக்கும் பறவைக்கு 2 டிகிரி. 3 டிகிரிக்குள் வந்துவிட்டால் பார்க்கிறவருக்குக் கண் மட்டம் போலவே தோன்றும். இறங்க இடமில்லாதபோது நீளமான லென்ஸோடு தள்ளி நிற்பது சரியான வேலை. படம் கொஞ்சம் சிறிதாக வரும், வரட்டும்.

இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. நிலம் வங்கக்கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால், கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகவே கட்டப்பட்டிருக்கும். காலையில் கரையில் இருப்பவருக்கு முதுகில் சூரியன், எதிரே வெளிச்சம் வாங்கிய பறவை. மாலையில் எல்லாம் எதிர்வெயில். ஆனால் விடிந்த கையோடு கரையின் நிழலே தண்ணீர்மேல் நீண்டு விழும். கரையோரத்துப் பறவைக்கு வெயில் எட்டக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் இடம் பிடித்து உட்கார்ந்து அசைவை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் நாள்: பாகூர் வயல்கள்

பாகூர் ஏரி, புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. ஆனால் இன்றைய வேலை ஏரியில் இல்லை, அதன் ஆயக்கட்டு வயல்களில். சேறடித்துப் பரம்பு ஓட்டிய வயல்களில் உண்ணிக்கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பவளக்கால் உள்ளான் எல்லாம் ஒன்றாக மேயும்.

வரப்பில் படுக்கும் முன் வயல்காரரிடம் கேட்பது முதல் வேலை. "ஐயா, வரப்புல கொஞ்ச நேரம் படுத்துப் படம் எடுத்துக்கலாமா? நடவு மேல கால் வைக்க மாட்டோம்" என்று கேட்டால் மறுக்கிறவர் அரிது. எந்த வயலில் இன்று தண்ணீர் கட்டப்போகிறார்கள், எதில் டிராக்டர் இறங்கும் என்பதும் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். டிராக்டர் இறங்குகிற வயலில் கொக்குகள் அதன் பின்னாலேயே வரும். அதைவிட நல்ல ஏற்பாட்டை நாம் செய்ய முடியாது.

அடுத்தது பாம்பு. வரப்புப் புல்லில் கண்ணாடி விரியன் கிடக்கும். நீளமான கம்பால் புல்லைத் தட்டிவிட்டு, ஒரு நிமிடம் பார்த்த பிறகே தார்ப்பாயை விரிக்க வேண்டும். 6 அடிக்கு 3 அடி தார்ப்பாய் போதும். பளபளக்கும் நீல நிறம் வேண்டாம், காக்கியோ மங்கிய பச்சையோ எடுங்கள். முழுக்கைச் சட்டையும், டைல்ஸ் போடுகிறவர்கள் கட்டும் முட்டிப் பட்டையும் இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முழங்கைக்கும் அதே பட்டை கட்டலாம்.

கேமராவை வைக்க பீன்பேக் வேண்டும். பழைய ஜீன்ஸ் காலை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் தைத்து, ஒரு முனையில் ஜிப் வைத்தால் பை தயார். நிரப்புவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அரிசி நன்றாக உட்காரும், ஆனால் ஒருமுறை நனைந்தால் புளித்து நாறிவிடும். உமி எடை குறைவு, அதனால் கனமான லென்ஸ் அசைந்துகொண்டே இருக்கும். கடற்கரை மணலை அங்கேயே அள்ளி நிரப்பினால் தையல் வழியாகப் பொடி கசிந்து ஃபோகஸ் வளையத்துக்குள் போகும். பிளாஸ்டிக் குருணைதான் ஈரமான இடத்துக்குச் சரி. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. முழுதாக நிரம்பிய பை உருளும், லென்ஸ் அதில் பதியாது.

வயலில் வருகிற பெரிய சிக்கல் முன்னால் நிற்கும் புல். லென்ஸை 10 செ.மீ. உயரத்துக்கு இறக்கியதும் எல்லாப் புல்லும் குறுக்கே வரும். ஆனால் எல்லாப் புல்லும் கெடுதல் செய்வதில்லை. லென்ஸ் முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் புல் பச்சைப் புகையாகக் கரைந்து படத்துக்கு அழகு சேர்க்கும். பறவைக்கு ஓரடி முன்னால் நிற்கும் ஒற்றைத் தண்டுதான் எதிரி. பாதிக் கலங்கலாகக் கோடு போட்டு, பெரும்பாலும் கண்ணின் மேலேயே விழும். அதைப் பிடுங்கப் போக முடியாது. உடம்பை ஒரு சாண் இடமோ வலமோ நகர்த்தினால் போதும், அருகில் இருப்பது வேகமாக விலகும், தூரத்துப் பறவை அப்படியே நிற்கும்.

கண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ் புல் நடுவே தடுமாறும். முன்னால் ஆடும் தாளைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாறி, பறவையின் கண்ணுக்குக் கீழே கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் வைத்துப் பிடியுங்கள், பிடித்த பிறகு கண் கண்டறிதலுக்கு விடலாம். லென்ஸில் ஃபோகஸ் எல்லைப் பொத்தான் இருந்தால் கிட்டத்துத் தூரத்தை அடைத்துவிடுங்கள்.

வெள்ளைக் கொக்குக்குக் கேமராவில் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை வைக்க வேண்டும். சேறு கறுப்பு என்பதால் கேமரா படத்தை வெளிற வைக்கும், கொக்கின் முதுகு இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அப்படி எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

நெருங்குவதில் அவசரம் கூடாது. பறவையை நோக்கி நேராக ஊர்ந்தால் கொல்ல வருகிற பிராணி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். குறுக்கும் நெடுக்குமாக, பார்வையை வேறு பக்கம் வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு முழம். பறவை தலையை நிமிர்த்தி மேய்ச்சலை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மறுபடி குனிந்து மேயும்வரை நகரக் கூடாது. ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் அந்த வயலில் வேலை முடிந்தது, மற்ற பறவைகளும் எழும்பிவிடும். மார்ச்சிலிருந்து அது முட்டையிடும் காலம். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் பக்கத்துக் கட்டாந்தரையில் முட்டை இருக்கிறது என்று பொருள். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை, படுத்திருப்பவரின் முழங்கைக்கு அடியிலும் இருக்கலாம். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

மூன்றாம் நாள்: தேவனாம்பட்டினம், கெடிலம் முகத்துவாரம்

கடலூர் சில்வர் பீச்சில் விடிந்ததும் நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்ந்துவிடும். அதைத் தாண்டி, புனித டேவிட் கோட்டையின் மிச்சம் நிற்கும் பக்கம், கெடிலம் கடலில் கலக்கும் மணல்திட்டுக்குப் போக வேண்டும். உப்புக்கொத்திகள், சின்ன உள்ளான்கள், ஆலாக்கள் அங்கேதான் இறங்கும்.

கிழக்குக் கடற்கரையில் காலை வெளிச்சத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பார்த்துப் படுத்தால் எதிர்வெயில். கடலுக்கு முதுகைக் காட்டினால் வெளிச்சம் நன்றாக விழும், ஆனால் அலை பின்னாலிருந்து வரும். இந்தக் கரையின் மணல் சரிவு செங்குத்து, ஏழெட்டு அலைக்கு ஒருமுறை வருகிற பெரிய அலை படுத்திருப்பவரையும் கேமராவையும் சேர்த்து நனைத்துவிடும். ஆகவே நீர்க்கோட்டுக்கு இணையாகப் படுக்க வேண்டும், அதிலும் வடக்கு நோக்கி. இந்த மாதத்தில் சூரியன் நேர்க்கிழக்குக்குச் சற்றுத் தெற்கே தள்ளி உதிக்கிறது. வடக்கே பார்த்துப் படுத்தால் அது வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் வரும், பறவையின் கடல் பக்கம் முழுதும் ஒளிரும். தெற்கு முனையில் தொடங்கி வடக்கே நகர்வதுதான் வசதி.

மணலில் முக்காலி வேலைக்கு ஆகாது. வீட்டில் கழித்துப்போட்ட ஃப்ரை பேன் போதும், 10 அங்குல விட்டம், ஓரம் 2 அங்குலம், கைப்பிடியோடு. உள்ளே பொருந்துகிற மாதிரி 18 மி.மீ. பிளைவுட்டை வட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 10 மி.மீ. துளை. அடிப்பக்கம் போல்ட் தலை அமிழ்கிற அளவுக்குக் குழி. கடையில் "மூணு நூல் போல்ட்" என்று கேட்டால், முக்காலித் தலைக்குப் பொருந்தும் 3/8 அங்குல போல்ட் கிடைக்கும். அதைக் கீழிருந்து மேலே நீட்டி, தலையை எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள், சுற்றாது. பிளைவுட்டுக்கு மேலே 8 முதல் 10 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீளம் கூடினால் பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப உதவும் உருண்டை முக்காலித் தலை) அடியோடு உட்காராமல் ஆடும். பிளைவுட்டைப் பாத்திரத்தோடு நான்கு ஸ்குருவால் கீழிருந்து பிடிக்க வேண்டும், தலை தட்டையாக உள்ளே அமிழும் ஸ்குருவாகப் பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் ஏர் மாதிரி மணலை உழுதுகொண்டே போகும். பாத்திரத்தின் அடி வழவழப்பாக இருந்தால் கைப்பிடியைப் பிடித்து ஈர மணலில் ஒரு முழம் ஒரு முழமாகச் சத்தமில்லாமல் தள்ளலாம். உயர்ந்த ஓரம் மணலையும் மெல்லிய நீரையும் வெளியே நிறுத்தும். எடையும் பெரிதில்லை, மண்ணில் லென்ஸ் படாமல் 15 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

உப்புக்கொத்தியின் நடையைக் கவனித்தால் வேலை பாதியாகக் குறையும். சட்டென்று ஓடும், நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். ஓடும்போது துரத்தி எடுப்பதைவிட நிற்கிற அந்த ஒரு விநாடிக்குக் காத்திருக்கலாம். 1/1000 நொடி போதும், ஓட்டத்துக்கு 1/2000. அசையாமல் கிடந்தால் அதுவே மேய்ந்துகொண்டு நம் பக்கம் வரும். பெரிய லென்ஸ்கள் 3, 4 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேய் நண்டுக்கு வேறு முறை. அதன் கண் தண்டின் நுனியில், மணலிலிருந்து 3, 4 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. வளைக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் படுத்து, நிழல் வளைமேல் விழாமல் பார்த்துக்கொண்டு காத்திருந்தால், முதலில் ஒரு கண் மட்டும் வளை விளிம்புக்கு மேலே எழும். கறுத்த நீள்உருண்டை, அதில் விடியலின் வெளிச்சம் ஒரு புள்ளியாக நிற்கும். பிறகு மறு கண். பிறகு ஒரு கை மணலை அள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வந்து, எறிந்துவிட்டு, நம்மைப் பார்த்தபடியே நிற்கும். அசைவு இல்லை என்று உறுதியானால் அடுத்த சுமை மணலுக்கு உள்ளே போகும். அந்த இடைவெளியில்தான் நம் கை நகரலாம். இதற்குச் செல்பேசியும் நன்றாக உதவும். தலைகீழாகத் திருப்பி மணலோடு வைத்தால் அதன் லென்ஸ் தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும், எந்தப் பெரிய கேமராவுக்கும் அந்தத் தாழ்வு கிட்டாது. வளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஸ்மார்ட் கைக்கடிகாரம் வழியாகவோ புளூடூத் பொத்தானாலோ எடுங்கள்.

எட்டு மணிக்கு மேல் காய்ந்த மணல்மேல் படம் எடுப்பது வீண். சூடேறிய மணல் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்கும், சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கும். இந்தக் கலக்கம் தரையை ஒட்டிய அடுக்கில்தான் மிக அதிகம், நம் லென்ஸும் அங்கேதான் இருக்கிறது. நின்று எடுக்கிறவரின் படம் தெளிவாக வந்து, படுத்து எடுத்தவரின் படம் மட்டும் குழைந்து போவது இதனால்தான். ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. லென்ஸைப் பழுது பார்க்கக் கொடுக்கவும் தேவையில்லை. தூரத்தைக் குறையுங்கள், ஈர மணல் பக்கம் போங்கள், இல்லையென்றால் மூட்டை கட்டுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸும் கால் மணி நேரத்துக்குப் படத்தைக் கலக்கும். கண்ணாடியில் ஈரம் பூத்திருக்கும், துடைக்காமல் பைக்குள்ளேயே வெளிக்காற்றுச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

பங்குனி ஆமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் இந்தக் கரையில் முட்டையிட வருகிறது, 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைப் பொரிப்பகத்தில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. குஞ்சின் ஓடு சுமார் 4 செ.மீ., கண் மணலிலிருந்து 2 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் அது போகும் என்பதால் ஃபிளாஷ், டார்ச், செல்பேசித் திரை வெளிச்சம் எதுவும் கூடாது. குஞ்சுக்கும் கடலுக்கும் இடையே நிற்காதீர்கள். நம் காலடிக் குழி அதற்குப் பள்ளத்தாக்கு, ஏறி வருவதற்குள் காகம் வந்துவிடும். பக்கவாட்டில், தன்னார்வலர்கள் காட்டும் இடத்தில் முன்னதாகவே படுத்து, குஞ்சுகளை விட்டு முடியும்வரை இடம் மாறாமல் இருங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 வரை போனாலும் கவலைப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுந்த படத்தால் ஆமைக்கு நஷ்டம் இல்லை.

நான்காம் நாள்: பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து 15 கி.மீ. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1100 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே படுக்க ஓரடி நிலம் கிடையாது, இருந்தாலும் தாழ்கோணத்துக்கு இந்த ஐந்து இடங்களில் இதுவே முதலிடம். காரணம் ஓதம், அதாவது கடல்நீர் பெருகி வற்றும் ஏற்ற இறக்கம்.

தண்ணீர் வற்றும்போது படகும் தண்ணீரோடு இறங்கும். கரைச்சேறு இருந்த இடத்திலேயே இருக்கும். முழு வற்றில் சேற்றுத் திட்டு தண்ணீருக்கு மேலே ஓரடி எழுந்து நிற்கும். படகு விளிம்பில் வைத்த லென்ஸும் தண்ணீரிலிருந்து ஏறத்தாழ அதே ஓரடி உயரத்தில்தான். ஆகவே திட்டின்மேல் நடக்கும் நண்டும் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. நாம் குனியவே வேண்டாம், கடல் நம்மைக் குனிய வைக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் திட்டு முழுகியிருக்கும், நண்டு வளைக்குள் இருக்கும். பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கம் அதிகம். ஓத அட்டவணை பார்க்காமல் பிச்சாவரத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். படகோட்டிகளுக்கு இது கைவிரல் நுனியில் இருக்கும்: "அண்ணே, தண்ணி எப்ப நல்லா வத்தும்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இன்று வற்று நண்பகலை ஒட்டி வந்தது. ஏரியில் அந்த வெயில் பாழ். இங்கே மரக்கூரையின் நிழல் வெயிலைச் சலித்து விடுகிறது.

மோட்டார் படகு வேண்டாம். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்களுக்கு இடையே உள்ள குறுகிய வாய்க்காலுக்குள் போகும், அலையும் எழுப்பாது. ஒரு படகில் இரண்டு பேருக்கு மேல் படம் எடுக்க ஏறாதீர்கள். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். பலகையில் உட்காராமல் படகின் அடியில் உட்கார்ந்தால் கண் உயரம் ஓரடிக்கு மேல் குறைகிறது. உயிர்காப்புச் சட்டை கட்டாயம், அது மார்பில் முட்டுவதால் வியூஃபைண்டருக்குக் கண்ணைக் கொண்டுபோக முடியாது. மடக்குத் திரை உள்ள கேமரா இங்கே உயிர் கொடுக்கும். முக்காலியைப் படகில் நிறுத்தினால் துடுப்பின் ஒவ்வொரு அசைவும் லென்ஸுக்கு ஏறும். பீன்பேக்கை விளிம்பில் போட்டு, லென்ஸ் பட்டையைக் கழுத்திலேயே மாட்டியிருங்கள். படகு நின்ற பிறகும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஷட்டர் 1/1600-க்குக் கீழே வேண்டாம்.

சேற்றில் முதலில் கண்ணில் படுவது ஒற்றைக் கொடுக்கு பெருத்த ஃபிட்லர் நண்டு. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிது, அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டும். சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. படகு வந்ததும் மொத்தமாக வளைக்குள் மறையும். துடுப்பை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் இருந்தால் ஒவ்வொன்றாக வரும். கொடுக்கு உச்சியில் ஒரு கணம் நிற்கும், அதற்கு முன்பே பொத்தானை அழுத்த வேண்டும். தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் நொடிக்கு 10 படம் போதும்.

அடுத்தது மட்ஸ்கிப்பர், சேற்றில் தத்தித் திரியும் மீன். தலையின் உச்சியில் தவளைக்கு இருப்பது போல இரண்டு கண்கள். சேறு போலவே பழுப்பு உடல், முன்துடுப்பை ஊன்றி ஊன்றி ஏறும். கூர்ந்து பார்த்தால் கண் திடீரென்று உள்ளே அமிழ்ந்து மறுபடி எழும். கண்ணை ஈரப்படுத்திக்கொள்ளும் விதம் அது. முகத்துக்கு நேரே, அதே உயரத்தில் பார்க்கும்போதுதான் அது தெரிகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது சேற்றில் கிடக்கும் குச்சி. கண் மட்டத்தில் எடுத்தால் முதுகுத்துடுப்பை விரித்து இன்னொன்றை மிரட்டுகிற முழு உயிர். தாவலைப் பிடிக்க 1/2500 வேண்டும். ஃபோகஸ் ஆழம் சில செ.மீ. மட்டுமே இருக்கும், எனவே இரண்டு மீன் சண்டையிட்டால் எஃப் 8 அல்லது 11-க்குப் போங்கள், பின்னணி எப்படியும் தூரத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர்க்கோடு சாய்ந்தால் தாழ்கோணப் படத்தில் உடனே தெரியும். படகில் நமக்கு நேர் எது சாய்வு எது என்றே புரியாது. திரையில் மட்டக்கோட்டை எப்போதும் போட்டு வையுங்கள்.

குறுக்கே நிற்கும் கிளையை ஒடிக்காதீர்கள். இது காப்புக்காடு என்பது ஒன்று. இன்னொன்று, தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம்தான், ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். முகத்தைத் தாழ்த்தி வியூஃபைண்டரில் வைத்திருப்பவருக்கு மேலே உரசும் கிளை தெரியாது. தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கிளை பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

ஐந்தாம் நாள்: வீராணம்

10-ஆம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி, இன்று சென்னைக்கும் குடிநீர் தருகிறது. கரை நீளமானது, உயரமானது, கரைமேல் சாலை. காரிலிருந்து எடுத்தால் எல்லாப் பறவையும் முதுகைக் காட்டும். மதகுப் படிகளில் இறங்கினால் மட்டுமே கண் மட்டம். காலை வெளிச்சம் ஊசுட்டேரியில் சொன்னதுபோலவே முதுகுப் பக்கம். மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். தாழ்ந்திருந்தால் அவை நம் கண்ணுக்கு நேரே வரும், சிறகின் கீழ்ப்பக்கமும் தண்ணீரில் அதன் சாயலும் ஒரே சட்டத்துக்குள் விழும். 1/2500 நொடி, எஃப் 6.3, சுவரில் சாயாமல் கையில் பிடித்துத் திருப்புவது நல்லது. மதகு திறந்திருந்தால் அந்தப் படியில் உட்காராதீர்கள், நீரின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது.

நான்கு நாள் உப்பும் சேறும் ஏறிய சாமான்களைச் சிதம்பரம் திரும்பியதும் இன்று இரவே கழுவ வேண்டும். ஃப்ரை பேனையும் பால் ஹெட்டையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கேமராவைக் கழுவக் கூடாது. முதலில் காற்றுப் பம்பால் ஊதி மணலைத் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி எடுங்கள். உலர்துணியால் முதலிலேயே தேய்த்தால் உப்புத்தூள் அரம் போலக் கீறும். நீட்டி எடுக்கும் ஜூம் லென்ஸாக இருந்தால், குழாய் முழுதும் நீண்டிருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். மடக்கிவிட்டுத் துடைத்தால் மணல் உள்ளே போய்விட்டது என்று பொருள், அடுத்த முறை திருப்பும்போது நறநறவென்று கேட்கும். பையைத் திறந்தபடி மின்விசிறிக்கு அடியில் வைத்து, காலையில் மூடும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். இந்தக் கரையின் ஈரக்காற்றில் மூடிய பைக்குள் லென்ஸ் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.